ஊர்ச்செய்தி எழுத வருகிறவர்களுக்கு

கொழும்பில் அச்சாகிற தமிழ்ப் பத்திரிகைகளில் யாழ்ப்பாணத்துக்கு இடம் உண்டு, மட்டக்களப்புக்கு உண்டு, மலையகத்துக்கும் உண்டு. கொழும்பு என்று வந்தால் பெரும்பாலும் நாடாளுமன்றமும் அமைச்சரவையும் தூதுவர் சந்திப்பும்தான். ஜிந்துப்பிட்டியில் ஒரு தோட்டத்துக்கு (சின்ன வீடுகள் நெருங்கியிருக்கிற குடியிருப்பைக் கொழும்பில் தோட்டம் என்போம்) மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்றாலோ, மட்டக்குளியில் ஒரு பாடசாலைக்கு இரண்டு தவணையாகக் கணித ஆசிரியர் இல்லை என்றாலோ அதை எந்தப் பக்கத்தில் போடுவது என்று யாருக்கும் தெரியாது. தேசியச் செய்தியிலும் அது சேராது, பிராந்தியச் செய்தியிலும் சேராது. தலைமுறை தலைமுறையாக இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ச் சனத்துக்கு ஊர் என்று ஒன்று இல்லாதது மாதிரி.

நான் நிருபராக வேலை பார்த்த சிறிய வாரப் பத்திரிகை அந்த இடைவெளியில்தான் நடந்தது. ஆமர் வீதிப் பக்கம் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகள். ஓர் ஆசிரியர், பக்கம் கட்டுகிற ஒரு தம்பி, விளம்பரத்துக்கு ஒருவர், நான். கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, புளூமெண்டல், கிராண்ட்பாஸ், முகத்துவாரம், மட்டக்குளி, இவ்வளவுதான் எங்கள் உலகம். வியாழன் இரவு பக்கங்கள் அச்சுக்குப் போகும், வெள்ளி காலை பேப்பர் கடைகளில் தொங்கும். அந்த அனுபவத்தைக் கேட்டு இப்போது சில இளையவர்கள் வருகிறார்கள். ஊடகக் கற்கைநெறியில் செய்தி எழுதச் சொல்லித் தருகிறார்கள், அது நல்லது. அங்கே சொல்லித் தராதவற்றை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஆசிரியர் பெரிய நாளிதழ்களில் இருந்துவிட்டு வந்தவர். நான் சேர்ந்த புதிதில் சொன்னார்: "பிள்ளை, நாளைக்கும் நீ அந்தத் தெருவாலதான் நடக்க வேணும். அதை நினைச்சு எழுது." பயந்து எழுது என்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். வேலை செய்யச் செய்யத்தான் பொருள் புரிந்தது. அமைச்சரைப் பற்றி எழுதுகிறவர் அமைச்சரின் வீட்டுப் பக்கம் போக வேண்டியதில்லை. நான் எழுதுகிற ஆளின் கடையில்தான் நான் பாண் வாங்குகிறேன். அவர் மகளும் என் மருமகளும் ஒரே வகுப்பு. அப்படி எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் நேரில் பதில் சொல்ல வேண்டும். அதனால் கடுமையாகவும் எழுதலாம், ஆனால் சரியாக எழுத வேண்டும்.

வாரப் பத்திரிகைக்கு இன்னொரு நெருக்கடி உண்டு. திங்கட்கிழமை நடந்ததை நாளிதழ்கள் செவ்வாயே போட்டுவிடும். வெள்ளிக்கிழமை அதையே போட்டால் யார் வாங்குவார்கள்? ஆகவே அடுத்தது என்ன ஆனது என்று போய்ப் பார்ப்பதே எங்கள் தொழிலாகிவிட்டது. எல்லாரும் போன பிறகு திரும்பிப் போவது. இதைவிடப் பெரிய பாடம் எதையும் நான் படிக்கவில்லை.

புதுக்கடை நீதிமன்றத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு பையனைப் போதைப்பொருளோடு பிடித்தார்கள் என்று பொலிஸ் அறிக்கை வரும். பெயர், வயது, முகவரி எல்லாம் அடுத்த நாள் பத்திரிகையில் வந்துவிடும். நீதவான் விளக்கமறியலில் வைக்க உத்தரவிடுவார். அதோடு செய்தி செத்துவிடும். அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வர மாதங்கள் ஆகும். அது வந்து, பிடிபட்ட தூள் போதைப்பொருளே இல்லை என்று பையன் விடுதலையானால் அதை எழுத யாரும் இருப்பதில்லை. நான் ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தேன். செய்தி எழுதி முடித்ததும் வழக்கு இலக்கத்தையும் அடுத்த தவணைத் திகதியையும் அந்தத் திகதியின் பக்கத்திலேயே குறித்துவிடுவேன். அன்று காலை பக்கத்தைத் திறந்தால் எந்த நீதிமன்றத்துக்கு, எந்த வழக்குக்குப் போக வேண்டும் என்று தெரியும். இப்படித்தான் கிராண்ட்பாஸ் பையன் ஒருவன் விடுதலையான நாளில் நான் மட்டும் அங்கே இருந்தேன். கைதானதை எந்த அளவில் போட்டோமோ அதே அளவில், அதே பக்கத்தில் விடுதலையையும் போட்டோம். அவனுடைய அம்மா அந்தத் துண்டை லெமினேட் பண்ணி, அவன் முன்பு வேலை பார்த்த கடை முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

நீதிமன்றச் செய்தியில் இன்னொன்று, சின்ன ஊர்களில் இது மிக முக்கியம். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, அடையாளம் தெரியவரக்கூடிய எதையுமோ வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365 சி பிரிவின்படி குற்றம். பெயரைத் தவிர்த்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். "கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த 14 வயது மாணவி, தந்தை முச்சக்கரவண்டிச் சாரதி, தாய் வெளிநாட்டில்" என்று எழுதினால் கண்டியில் இருக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஒழுங்கையில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். எங்கள் வாசகர்கள் அந்த ஒழுங்கையில்தான் இருந்தார்கள். அதனால் பாடசாலை, தெரு, பெற்றோர் தொழில், சந்தேகநபரின் உறவுமுறை இவற்றில் எதை விட்டால் பிள்ளை மறைவாள் என்று ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து யோசித்தோம். சில நேரம் செய்தி மூன்று வரியாகிவிடும். ஆகட்டும்.

மரண வீட்டுக்குப் போவதுதான் இந்த வேலையில் மிகவும் கடினம். கட்டட வேலையில் விழுந்து ஓர் இளைஞன் இறந்துவிட்டான் என்று வையுங்கள். பெரிய பத்திரிகை நிருபர்கள் பொலிஸில் தகவல் எடுத்துவிடுவார்கள், நீங்கள் வீட்டுக்குப் போவீர்கள். போனதும் போனையும் கொப்பியையும் பையிலேயே விடுங்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்க் கொஞ்ச நேரம் சனத்தோடு சும்மா உட்காருங்கள். வீட்டு அலுவல்களை யார் பார்க்கிறார் என்பது அதற்குள் தெரிந்துவிடும். பந்தல்காரரோடு கதைக்கிறவர், பிளேன்டீக்கு ஆள் அனுப்புகிறவர், பெரும்பாலும் ஒரு மாமாவோ சித்தப்பாவோ. அவரிடம் தனியாகப் போய், "ஐயா, நாளைக்கு நிறையப் பேர் எழுதுவாங்க. தம்பியின்ட பேரும் வயசும் பிழையா வரக்கூடாது, அதைக் கேக்கத்தான் வந்தேன்" என்று சொன்னால் யாரும் துரத்த மாட்டார்கள். பொலிஸ் பதிவு சிங்களத்தில் இருக்கும், அதிலிருந்து தமிழுக்கு வரும்போது பெயர் எப்படியெல்லாமோ மாறிவிடும். பெயரை அவர் கையாலேயே உங்கள் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

படம் வேண்டும் என்றால் சுவரில் மாட்டியிருப்பதைக் கழற்றித் தரச் சொல்லாதீர்கள், அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டும் போகாதீர்கள். அந்த வீட்டில் அந்தப் படம் ஒன்றே ஒன்றாக இருக்கலாம். மாட்டியிருக்கிற இடத்திலேயே போனில் எடுக்கலாம். பிளாஷை நிறுத்துங்கள். கண்ணாடியில் டியூப்லைட் விழுந்தால் யாரையாவது உங்களுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குடையை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் மறைந்து முகம் தெளிவாக வரும். எடுத்த படத்தை அந்த மாமாவிடம் காட்டி, இதைப் போடலாமா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

அப்புறம் 31ஆம் நாள் முடிந்து ஒரு வாரம் கழித்துத் திரும்பிப் போங்கள். உண்மையான செய்தி அப்போதுதான் கிடைக்கும். செத்தவீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் காசு கொடுத்ததோடு கொந்தராத்துக்காரர் கையைக் கழுவியிருப்பார். வேலையின்போது இறந்தவரின் குடும்பத்துக்கு நட்டஈடு கோர 1934 ஆம் ஆண்டிலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது, அதற்கென்று தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர் அலுவலகம் கொழும்பிலேயே இருக்கிறது என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்காது. முகத்துவாரத்தில் ஒரு குடும்பத்தைப் பற்றி அப்படி எழுதியபோது, அடுத்த வாரமே வேறு இரண்டு குடும்பங்கள் அந்த அலுவலகத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டுக்கொண்டு எங்கள் படியேறி வந்தன. அந்த வாரம் முதற்பக்கத்தில் அரசியல் எதுவும் போடாமல், விண்ணப்பம் எப்படி எழுதுவது, எந்த ஆவணங்களைக் கொண்டுபோவது என்பதையே போட்டோம்.

திரும்பிப் போகக் கூடாத சந்தர்ப்பமும் உண்டு. 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, உலகத்தின் அத்தனை கெமராக்களும் அந்தத் தெருக்களில் நின்றன. ஒரே தாயிடம் ஒரே கேள்வியை ஒரே நாளில் எத்தனையோ பேர் கேட்டார்கள். எங்கள் ஆசிரியர் யாரையும் பேட்டி காண அனுப்பவில்லை. தெரிந்த வீடுகளுக்குப் போய், பேச வேண்டும் என்று தோன்றும்போது கூப்பிடுங்கள் என்று இலக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். ஜூன் 12 தேவாலயம் மீண்டும் திறக்கப்பட்ட பிறகுதான் சிலர் கூப்பிட்டார்கள். அவர்கள் பேச விரும்பியது குண்டைப் பற்றியல்ல. காயப்பட்ட பிள்ளையின் தொடர் சிகிச்சை, பாடசாலையில் அந்தப் பிள்ளைக்கு வேண்டிய கவனிப்பு, கடை திறக்க முடியாமல் ஏறிய கடன். அவற்றை எழுதினோம்.

வாசகர் கடிதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்றம், குப்பை, வடிகான், தெருவிளக்கு என்று ஒரே மாதிரி வரும் கடிதங்களைப் புதிதாக வருகிற நிருபர்கள் சலிப்போடு தள்ளிவைப்பார்கள். நான் அவற்றைத் தெருவாரியாகக் கோப்பில் போட்டேன். ஒரே ஒழுங்கையிலிருந்து திரும்பத் திரும்ப வந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. புளூமெண்டல் குப்பைமேட்டின் நாற்றத்தோடும் தீயோடும் வாழ்ந்த சனத்துக்கு இது நன்றாகத் தெரியும். அது 2009இல் மூடப்பட்டபோது நாங்கள் மூச்சுவிட்டோம், குப்பை மீதொட்டமுல்லைக்குப் போனது. அங்கேயிருந்த சனம் ஆண்டுக்கணக்காக முறையிட்டது, வீதியில் இறங்கியது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று அந்த மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்த முறைப்பாடுகள் பத்திரிகைகளில் எவ்வளவு சின்ன எழுத்தில் வந்தன என்று தேடிப் பாருங்கள். குப்பையைப் பற்றிய கடிதத்தை நான் அதன் பிறகு ஒருபோதும் சின்னச் செய்தி என்று சொன்னதில்லை.

கடிதத்தைச் செய்தியாக்க இப்போது நல்ல கருவி இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நிருபராக இருக்க வேண்டும் என்றில்லை, எந்தப் பிரசையும் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவார்களா மாட்டார்களா என்று முடிவு சொல்லியாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. ஒருவரின் உயிரோடோ சுதந்திரத்தோடோ சம்பந்தப்பட்டது என்றால் 48 மணித்தியாலம்தான்.

ஆனால் கேட்கிற விதம் தெரிய வேண்டும். ஒரு ஒழுங்கையில் வடிகான் வேலை பாதியில் நின்றிருந்தது, மூடிகள் இல்லை, பாடசாலைப் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் போனார்கள். "ஏன் இந்த வேலை முடிக்கப்படவில்லை?" என்று கேட்டிருந்தால் வரவு செலவு, வானிலை என்று ஒரு பந்தி வந்திருக்கும். நாங்கள் ஆவணங்களைக் கேட்டோம்: ஒப்பந்தத்தின் பிரதி, இதுவரை கொடுத்த பணத்தின் வவுச்சர்கள், வேலை முடிந்தது என்று ஒப்பமிட்ட பத்திரம். விண்ணப்பம் கொடுத்த அன்றே திகதியோடு கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு வாங்கினோம், அது இல்லாவிட்டால் நாட்களை எண்ணவே முடியாது. முதலில் பதில் வரவில்லை, மேன்முறையீட்டுக்குப் பிறகு வந்தது. வேலை முழுதாக முடிந்தது என்று ஒப்பமிட்டு முழுப் பணமும் கொடுக்கப்பட்டிருந்தது. அந்தப் பத்திரத்தின் படத்தையும் திறந்து கிடக்கும் வடிகானின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம், தலைப்பில் ஒரு வசைச் சொல் இல்லை. கொஞ்ச நாளில் லொறியில் கொங்கிரீட் மூடிகள் வந்து இறங்கின.

மழைக்காலத்துக்கு ஒரு விடயம். களனி கங்கையின் நீர்மட்டத்தை நாகலகம் வீதியில் அளக்கிறார்கள். 5 அடியைத் தொட்டால் சிறு வெள்ளம், 7 அடியைத் தொட்டால் பெருவெள்ளம். 2016 மே மாத வெள்ளத்துக்குப் பிறகு இந்த அளவுகளையும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்பியூலன்ஸுக்கு 1990 ஆகிய இலக்கங்களையும் ஒரு பெட்டிக்குள் போட்டு, வெட்டி ஒட்டச் சொன்னோம். ஆற்றோரத்து வீடுகளில் அந்தத் துண்டை அரிசி வாளிக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்ததை நானே கண்டிருக்கிறேன். நடை அழகாக எழுதிய எந்தக் கட்டுரையையும் யாரும் அப்படி ஒட்டி வைக்கவில்லை.

பாடசாலைப் பரிசளிப்பு, கோவில் திருவிழா, பொன்னாடை போர்த்தும் படம் இவற்றை ஏளனமாகப் பார்க்கிற பழக்கம் செய்தியாளர்களிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு தோட்டத்து வீட்டுப் பிள்ளையின் பெயர் பத்திரிகையில் முதலும் கடைசியுமாக வருவது அந்தப் பரிசளிப்புச் செய்தியிலாக இருக்கலாம். இடமிருந்து வலமாக எழுதுகிற பெயர் வரிசையை மேடையில் வைத்து எழுதாதீர்கள். படம் எடுத்து முடிந்த கையோடு, யாரும் கலைவதற்கு முன், வரிசையில் நிற்கிறவர்களைத் தங்கள் பெயரை ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

நிகழ்ச்சி முடிந்து போகும்போது கையில் கவர் திணிப்பார்கள். "போக்குவரத்துக்கு மிஸ்" என்பார்கள். கோபப்படத் தேவையில்லை, கொடுக்கிறவர் பலமுறை மரியாதைக்காகத்தான் கொடுக்கிறார். "ஒஃபிஸில தாறாங்க அண்ணே, நீங்க ஒரு வருடச் சந்தா கட்டுங்க" என்று சந்தாப் புத்தகத்தை நீட்டுவேன். விளம்பரம் தருகிற நிறுவனம் கொடுக்கிற நெருக்கடி அதைவிடக் கடினம். ஒரு கட்டட நிறுவனம், அதன் வேலையால் பக்கத்து வீடுகளின் சுவர் வெடித்ததை நாங்கள் எழுதியதற்காக விளம்பரங்களை எல்லாம் நிறுத்திக்கொண்டது. அந்த மாதச் சம்பளம் இரண்டு தவணையாகத்தான் வந்தது. ஆசிரியர் செய்தியைத் தொடர்ந்து போட்டார். இதைத் தொடங்க நினைக்கிறவர்கள் ஒரே ஒரு பெரிய விளம்பரதாரரில் தங்காமல் சலூன், டியூஷன் வகுப்பு, பேக்கரி, மரண அறிவித்தல் என்று சின்னச் சின்னதாகச் சேர்ப்பது நல்லது. ஒருவர் போனாலும் பக்கம் நிற்கும்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஊடகவியலாளர் தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28 இரவு பம்பலப்பிட்டியில், பொலிஸ் நிலையத்துக்கு எதிரிலேயே கடத்தப்பட்டார். மறுநாள் காலை சடலமாகக் கிடைத்தார். அந்த ஆண்டுகளைக் கண்ட மூத்தவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது, அதை எங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள்: எங்கே போகிறாய், யாரைச் சந்திக்கிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று ஒருவரிடம் சொல்லாமல் போகக் கூடாது. அலுவலகக் கதவுக்குப் பின்னால் ஒரு கரும்பலகை இருந்தது, அதில் எழுதிவிட்டுத்தான் படியிறங்குவோம். தனியாக, பெண்ணாக, இரவில் வேலை செய்கிறவர்கள் இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். தகவல் தருகிறேன், தனியே வாருங்கள் என்கிறவரை நான் எப்போதும் சனநடமாட்டம் உள்ள தேநீர்க் கடைக்குத்தான் வரச் சொன்னேன்.

2022இல் காகிதத் தட்டுப்பாடு வந்தது. பெரிய பத்திரிகைகளே பக்கங்களைக் குறைத்தன. ஓர் ஆங்கில நாளிதழும் அதன் சகோதரச் சிங்களப் பத்திரிகையும் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. எங்களைப் போன்றவர்கள் எப்படித் தாங்குவது? மண்ணெண்ணெய் வரிசைகளில் நின்ற சனத்தைப் பற்றி எழுத வேண்டிய நேரத்தில் எங்களிடம் அச்சடிக்கத் தாள் இல்லை. பத்திரிகை நின்றது. செய்தி நிற்கவில்லை, இன்றும் தண்ணீர் வராவிட்டால் எனக்குக் கூப்பிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் எழுதிப் போடுகிறேன். ஆனால் அதில் பழையதைத் தேடி எடுக்க முடியாது என்பது எனக்குப் பெரிய கவலை. எங்கள் பத்திரிகை நடந்த காலத்தில், வெள்ள நட்டஈட்டுக்கு ஆதாரம் வேண்டும் என்றும், இந்தத் தோட்டத்தில் எத்தனை காலமாக இருக்கிறோம் என்று காட்ட வேண்டும் என்றும் பழைய இதழைத் தேடி வந்தவர்கள் பலர். நகர அபிவிருத்தி என்று தோட்டத்துச் சனத்தை எழுப்பித் தொடர்மாடிக்கு அனுப்பும்போது, அங்கே ஒரு வாழ்க்கை இருந்தது என்பதற்கு எழுத்தில் இருப்பது இப்படிப்பட்ட சின்னப் பத்திரிகைகள்தான்.

அலுவலகத்தைக் காலி செய்தபோது கட்டுகளில் பாதி மழையில் நனைந்து போயிருந்தது. மீதியை ஒரு வாசகர் தன் வீட்டு அலுமாரியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். நானும் பக்கம் கட்டிய தம்பியும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை ஸ்கேன் பண்ணுகிறோம், முடிந்ததும் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைக்கிற 'நூலகம்' இணையத்தளத்துக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். வடகொழும்பில் வெளிவந்த சின்னத் தமிழ்ப் பத்திரிகை எதுவானாலும், கோவில் மலரோ பாடசாலைச் சஞ்சிகையோ ஆனாலும், பழையது உங்கள் வீட்டில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். சொன்னால் வந்து வீட்டிலேயே படம் எடுத்துக்கொள்கிறோம், இதழ் உங்களிடமே இருக்கும்.